விழுக்காட்டுக்கு வெளியே நடப்பது

எரிபொருள் செல்லுக்கான கன்வெர்ட்டர் என்று பேச்செடுத்தாலே முதல் கேள்வி, ‘திறன் எத்தனை விழுக்காடு?’ என்பதுதான். 97 என்று பதில் வந்துவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்த எண் பொய்யில்லை. ஆனால் கன்வெர்ட்டர் செல்லை என்ன பாடு படுத்துகிறது என்பதை அது சொல்வதில்லை.

செல்களின் குறைந்த வோல்ட்டைக் கன்வெர்ட்டரால் உயர்த்தும் வடிவமைப்பின் பலத்தை அறிய டொயோட்டாவின் மிராய் காரைப் பார்த்தால் போதும். 2014-இல் வந்த முதல் மிராயில் 370 செல்கள். சுமை ஏறிய நிலையில் ஒரு செல் 0.65 வோல்ட் தருவதாகக் கொண்டால், மொத்தம் 240 வோல்ட். அதை பூஸ்ட் கன்வெர்ட்டர் 650 வோல்ட் வரை உயர்த்துகிறது. அது இல்லாவிட்டால் ஆயிரம் செல்களை அடுக்க வேண்டியிருக்கும். 2020-இல் வந்த அடுத்த மிராயில் செல்கள் 330 ஆகக் குறைந்தன. கன்வெர்ட்டருக்குள் சிலிக்கான் கார்பைடு குறைக்கடத்திகள் வந்தன. பழைய சிலிக்கானோடு ஒப்பிட்டால் மின்னிழப்பு சுமார் 70 விழுக்காடு குறைந்ததாக அவற்றைத் தயாரித்த டென்சோ நிறுவனம் அறிவித்தது. அருமையான பொறியியல்.

இதே பாடத்தை வீட்டுக்கு மின்சாரம் தரும் எரிபொருள் செல்லுக்கு அப்படியே கொண்டுவருவதில்தான் தவறு நேர்கிறது. ஒரு கிலோவாட் தரும் 40 செல் அடுக்கை எடுத்துக்கொள்வோம். வருவது 26 வோல்ட், வீட்டு இன்வெர்ட்டருக்கு வேண்டியது 400. காரில் மூன்று மடங்குகூட உயர்த்தவில்லை. இங்கே பதினைந்து மடங்கு. சாதாரண பூஸ்ட் சுற்றில் சுவிட்ச் ஒவ்வொரு சுழற்சியிலும் 93 விழுக்காடு நேரம் மூடியே கிடக்க வேண்டும். உள்ளே பாய்வதோ 38 ஆம்பியர். இண்டக்டரின் கம்பிச்சுற்றில் 10 மில்லி ஓம் தடை இருந்தாலே 14 வாட் வெப்பமாகப் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சுற்றே இதற்குச் சரி. பாகங்கள் கூடும், விலையும் கூடும். அந்தச் செலவு நியாயமானது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. காரின் மோட்டார் மூன்று ஃபேஸில் ஓடுவதால் மின்திறனைச் சீராக இழுக்கிறது. வீட்டின் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டரோ நொடிக்கு நூறு முறை இழுத்து விடுகிறது. நடுவில் போதிய கெப்பாசிட்டர் இல்லையென்றால், ஆசிலாஸ்கோப்பைச் செல்லின் முனையில் வைத்ததும் அந்த அலை அப்படியே தெரியும்: 38 ஆம்பியர் 57-க்கு ஏறி 19-க்கு இறங்குகிறது. அடுக்கின் உள்தடை 50 மில்லி ஓம் என்றால், இந்த ஏற்ற இறக்கத்தால் மட்டும் கூடுதலாக 9 வாட் செல்லுக்குள்ளேயே எரிகிறது. கன்வெர்ட்டரின் இரு முனைகளில் மட்டும் அளப்பவர் கணக்கில் இது வராது. ஹைட்ரஜன் கணக்கில் வரும். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போட்டு அலையை அடக்கலாம். ஆனால் வெப்பம் பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். அதனால் சிறு கெப்பாசிட்டரோடு, அலையை விழுங்கத் தனிச் சுற்று வைப்பதே மேல் என்பேன். திறன் அரை விழுக்காடு குறைந்து தெரிந்தாலும் பரவாயில்லை. காப்பாற்ற வேண்டியது செல்லடுக்கை.

இரவு நேரத்தையும் யோசிக்க வேண்டும். ஃபிரிட்ஜும் இரண்டு மின்விசிறியும் ஓடும் வீட்டில் சுமை 200 வாட்தான். குறைந்த சுமையில் செல்லின் திறன் உயர்கிறது. கன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றும் குளிர்விப்பு விசிறியுமோ சுமை எதுவானாலும் தங்கள் 15 வாட்டை எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் 97 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை.