ஜஸீராவின் உருவச் செப்புக்காசுகள்

இஸ்லாமிய நாணயம் என்றால் அரபு எழுத்து நிறைந்த தினாரும் திர்ஹமும்தான் பலருக்கும் நினைவில் வரும். உமையாக் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் தங்கக்காசிலிருந்து உருவத்தை விலக்கியதில் வேரூன்றிய மரபு அது. ஐந்து நூற்றாண்டுக்குப் பின், டைகிரிஸ், யூப்ரட்டீஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட ஜஸீராவில் துருக்கிய ஆர்த்துகியரும் ஸெங்கியரும் செம்பில் முகங்களை அச்சிட்டார்கள்.

வெள்ளி அரிதாகிப்போன காலம் அது. அந்த இடத்தைக் கனத்த செப்புக்காசு நிரப்பியது. பல காசுகள் பத்துக் கிராமைத் தாண்டும். செம்பாக இருந்தும் சில தம்மைத் 'திர்ஹம்' என்றே அழைத்துக்கொள்கின்றன. எடையிலோ ஒழுங்கில்லை. இந்தத் திர்ஹமை இழிவுபடுத்துபவன் சபிக்கப்பட்டவன் என்று ஆர்த்துகியக் காசில் பொறிப்பும் உண்டு. நல்ல வெள்ளிக்கு அப்படியொரு சாபம் தேவைப்பட்டிருக்காது.

ஆர்த்துகியரின் மார்தீன் அக்கசாலையே எனக்குப் பிடித்தது. அதன் அரசர் தைமூர்தாஷ் காசின் தலை, பழைய செலூக்கிய மன்னர் காசிலிருந்து எடுத்தது. மகன் அல்பி அதே காசுகளில் தன் பெயரை எதிர்முத்திரையாகக் குத்திப் புழக்கத்தில் விட்டான். அவனது சொந்தக் காசில் மரியன்னை பைசாந்தியப் பேரரசருக்கு முடிசூட்டுகிறாள்! யூலுக் அர்ஸ்லானின் ஹிஜ்ரி 589 காசில் நான்கு பேர் துக்கம் காக்கும் காட்சி. அந்த ஆண்டில்தான் (1193) ஸலாஹுத்தீன் மறைந்தார். இது அவருக்கான இரங்கல் என்ற பொருத்தமான விளக்கம் உண்டு. அர்த்துக் அர்ஸ்லானின் ஹிஜ்ரி 599 காசில் வில்லேந்திய குதிரைமனிதன் திரும்பித் தன் வாலிலுள்ள நாகத்தையே எய்கிறான். தனுசு ராசி என்பதில் ஐயமில்லை. அதற்காக எல்லா உருவத்துக்கும் சோதிடம் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. கைக்குக் கிடைத்த பழங்காசின் அழகே பல அச்சுக்கு முன்மாதிரி.

ஆர்த்துகியரின் ஹிஸ்ன் கைஃபா கிளையில் காரா அர்ஸ்லான் அரியணையில் அமர்ந்த கிறிஸ்துவைப் பொறித்தார். பின்னாளில் ஆமிதை ஆண்ட நாசிருத்தீன் மஹ்மூத் இரட்டைத்தலைக் கழுகை. பொறியாளர் அல்-ஜஸாரி தம் பொறிநுட்ப நூலை 1206இல் எழுதி முடித்தது இவர் அவையில்தான்.

ஸெங்கியரின் மோசூலுக்கு அடையாளம் பிறையேந்தி அமர்ந்த உருவம். அவர்களுக்குப் பின் அங்கே ஆண்ட பத்ருத்தீன் லுஃலுஃ கிரேக்கச் சாயல் தலையைச் சதுரத்துக்குள் வைத்தார். மங்கோலியர் நெருங்கியதும் அவர்களின் பேரரசர் மோங்கே கானின் பெயரையும் தம் காசில் ஏற்றினார்.