விவர உண்மையும் வரலாற்று உண்மையும்: கணினி விளையாட்டில் அமெரிக்க முன்மாதிரித் தாங்கிகள்

போரைச் சித்திரிக்கும் ஆக்கமொன்றை மதிப்பிடுமிடத்து இருவேறு வினாக்கள் எழுகின்றன. அது ஆயுதத்தை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகின்றது என்பது ஒன்று. அவ்வாயுதம் யாருடைய உழைப்பால், எத்தேவையின்பொருட்டு, யாருக்கு எதிராக உருவாயிற்று என்பதை எவ்வளவுக்கு உணர்த்துகின்றது என்பது மற்றையது. யதார்த்தவாதத்துக்கு விவரங்களின் மெய்ம்மை மாத்திரம் போதாது, மாந்தரும் அவர்தம் சூழலும் வகைமாதிரியாக அமைதல் வேண்டும் என்ற கருத்தை எங்கெல்ஸ் 1888 இல் மார்கரட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திலே முன்வைத்தார். நாவலை முன்னிட்டு எழுந்த இக்கருத்து, இன்று இளைஞரின் ஓய்வு நேரத்தில் பெரும்பங்கைப் பெற்றுவிட்ட கணினி விளையாட்டுக்கும் பொருந்துவதே.

1998 இல் பெலாரஸின் மின்ஸ்க் நகரில் தோன்றிய வார்கேமிங் நிறுவனம், 2010 இல் 'வேர்ல்ட் ஒஃப் டாங்க்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. போர்க்களத்தையே காணாத அமெரிக்க முன்மாதிரித் தாங்கிகள் பல அதில் இடம்பெறுகின்றன. அவற்றுள் ரி-28 தனித்து நோக்கத்தக்கது. ஜேர்மனியின் சீக்ஃபிரீட் அரண்வரிசையைத் தகர்க்கவென இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் திட்டமிடப்பட்ட இது, ஏறத்தாழ 86 தொன் எடையுடையது. முன்புறக் கவசத்தின் தடிப்பு ஓரடி. சுழல்கோபுரம் இல்லை. மணிக்கு 13 கிலோமீற்றர் அளவே ஓடக்கூடியது. ரயில் வண்டிகள் செய்துவந்த பசிபிக் கார் அன்ட் ஃபவுண்ட்ரி நிறுவனம் இரண்டை மட்டுமே செய்து முடித்தது. போர் முடிந்தபின் தேவையும் முடிந்தது. 1947 இல் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சிய ஒன்று 1974 இல் வேர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வோர் முகாமிலே கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது.

இவ்வாறு மறக்கப்பட்ட வடிவங்களைப் பலரறியச் செய்தமை இவ்விளையாட்டின் பயன் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தழுவலின் தன்மை ஆராயத்தக்கது. நிசத்தில் ரி-28, ரி-95 என்பன ஒரே பொறிக்கு வெவ்வேறு வேளைகளில் வழங்கிய பெயர்கள். அதன் நான்கு சங்கிலிப் பட்டைகளுள் வெளிப்புற இரண்டும், கொண்டுசெல்லும் வசதிக்காகக் கழற்றத்தக்கவை. விளையாட்டிலோ, வெளிப்பட்டைகள் அற்றது ரி-28 ஆகவும், அவற்றை உடையது அதற்கடுத்த படியிலுள்ள ரி-95 ஆகவும் இரு பொறிகளாகிவிடுகின்றன. இதனை அறியாமை எனக் கொள்ளலாகாது. படிப்படியாக ஏறும் வாகன வரிசையே இவ்விளையாட்டின் அடித்தளம். இலவசமாய் உள்ளே அழைத்து, ஏறும் காலத்தைச் சுருக்கப் பணம் பெறுவது அதன் வணிகமுறை. வரிசையில் இடைவெளி தோன்றுமிடத்து ஒரு பொறி இரண்டாகின்றது. வரைபடத்தோடு நின்றுபோனதும் உருப்பெற்று ஓடுகின்றது. போர்த்தொழிற்றுறை கைவிட்ட பொருள் இவ்வாறு மீண்டும் பண்டமாகின்றது.

இப்பண்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் மனிதரே. காலாட்படை இல்லை, ஊர்களில் வீடுகள் இடிகின்றன, குடிகள் இல்லை. தாங்கியினுள் காயமுற்றவர் முதலுதவிப் பெட்டியொன்றினால் கணத்தில் தேறுகின்றனர். தாங்கி எரிந்தாலும் அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுகின்றனர். குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் புகழ எழுந்த கலிங்கத்துப்பரணி அரசவைப் படைப்பே. எனினும், பேய்கள் கூழடும் பகுதியிலே அப்புகழ் எத்துணைப் பிணங்களின் மேல் நிற்பது என்பதை ஜெயங்கொண்டார் மறைக்கவில்லை. நிலவுடைமைக் காலப் புலவனுக்கு இயன்ற அந்த அளவு நேர்மைதானும், கவசத்தின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து தரும் இவ்வாக்கத்துக்கு இயலவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலில் வாழும் எமக்கு இது தொலைதூரப் பிரச்சினை அன்று. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், மண் தள்ளும் புல்டோசருக்குக் கவசமிட்டுப் போர் வாகனமாக்கினர். அதன்மீது ஏறிக் குண்டெறிந்து மாண்ட கோப்ரல் காமினி குலரத்னவின் நினைவுச் சின்னமாக அது இன்று ஏ-9 வீதியோரம் நிற்கின்றது. ரயில் வண்டித் தொழிற்சாலை தாங்கி செய்ததும், வீதி சமைக்கும் பொறி கவசம் பூண்டதும் ஒரே நியதியின் இரு வடிவங்கள்: உழைப்புச் சாதனம் அழிவுச் சாதனமாதல். நினைவுச் சின்னம் ஒரு போர்வீரனை நிறுத்துகின்றது. பொறியினுள் இருந்தோரும், போரால் முடங்கிய அயலின் உப்பளத் தொழிலாளரும் அதன் கதையில் இல்லை. எதிர்த்தரப்பின் வீரத்தைப் பாடிய எமது ஆக்கங்களிற் பலவும் இவ்வாறே ஆயுதத்தையும் தியாகத்தையும் விரித்து, உழைக்கும் மக்களைப் பின்னணியாக்கின.

எனவே இவ்விளையாட்டின் குறைபாட்டை அந்நிய முதலாளித்துவத்தின் குறைபாடென ஒதுக்கிவிட முடியாது. எமது போரைப் பற்றிய நாவல்கள், நினைவுக் குறிப்புகள் பெருகிவரும் இந்நாளில், முகாம்களின் பெயர், எறிகணையின் ரகம், தாக்குதலின் திகதி ஆகியவற்றின் திருத்தமே யதார்த்தம் எனப் பாராட்டப்படுவதைக் காண்கின்றோம். அத்திருத்தம் அவசியமே. ஆனால் அப்போர் எந்தச் சமூகப் பிரிவினரின் பிள்ளைகளை முன்னணிக்கு அனுப்பியது, எவரைக் கடல் கடக்க விட்டது என்ற வினாவை எழுப்பாத ஆக்கத்தை, எத்தனை விவரங்கள் நிறைந்திருப்பினும், வரலாற்று இலக்கியமென விமர்சகர் ஏற்றலாகாது.