ஒத்து ஊதும் கூட்டம்

நாதசுரம் வாசிப்பவரின் பக்கத்திலே ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். அவருக்கு இராகமில்லை, ஆலாபனை இல்லை. உள்ளது ஒரே சுருதி, விடாத சுருதி. இசையரங்கிலே அது தேவை, குறை கூறுவாரில்லை. ஆனால் அரசியல் அரங்கிலே, ஒருவர் வாசிக்கக் கோடிக்கும் மேற்பட்டோர் ஒத்து ஊதினால் அந்நாடு என்னாகும்? அமெரிக்க நாட்டிலே அந்தக் கச்சேரி ஓராண்டு ஈராண்டல்ல, 32 ஆண்டுகள் நடந்தது. வாசித்தவர் ரஷ் லிம்பா. வானொலி அவரது கருவி. பழமைவாதம் அவரது பண். ஏளனம் அவரது தாளம்! 2021 பிப்ரவரி 17 அன்று, 70-ஆம் வயதில் அவர் மறைந்தார். மறைந்தவரைத் தூற்றுவது நமது நோக்கமன்று. அவர் வகுத்த பேச்சுமுறை அவருடன் மறையவில்லை. ஆகவே அதனை ஆராய்வது கடமை எனக் கருதுகிறோம்.

மிசௌரி மாநிலத்துக் கேப் ஜிரார்டோ எனும் ஊரிலே, 1951 ஜனவரி 12 அன்று பிறந்தவர் லிம்பா. பாட்டனார் வழக்கறிஞர், தந்தையார் வழக்கறிஞர், சிற்றப்பா நீதிபதி. மகனுக்கோ சட்டப் புத்தகம் கசந்தது, வானொலி இனித்தது. பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர் நிலையத்தில் இசைத்தட்டுச் சுழற்றினார். கல்லூரியிலே ஓராண்டளவு இருந்து வெளியேறினார். 1971-இல் பென்சில்வேனியா மாநில நிலையமொன்றிலே, வேறு பெயர் பூண்டு, பாட்டு அறிவிப்பாளரானார். வேலை கிடைக்கும், பிறகு போகும். 1979-இல் வானொலியையே விட்டுவிட்டு, கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் எனும் பேஸ்பால் அணியின் விளம்பரப் பிரிவிலே சேர்ந்தார். 1984-இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகர நிலையம் அவரை அழைத்தது. அங்கே அவர் சுழற்றியது இசைத்தட்டையல்ல, அரசியலை. விழுந்து விழுந்து எழுந்த மனிதர். அந்த ஊக்கத்தை நாம் மறுக்கவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பர். ஆனால் வாய் மட்டுமா அவரை வளர்த்தது? அமெரிக்க ஒலிபரப்புத் துறையிலே 1949 முதல் ஒரு நெறி இருந்தது. பொதுமக்கள் பிரச்சினைகளை ஒலிபரப்பும் நிலையங்கள், ஒரு தரப்பை மட்டும் பேசி நிறுத்தாது, மறுதரப்புக்கும் நியாயமான இடம் தரவேண்டும் என்பது அந்நெறி. 1969-இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. 1987-இல் தகவல் தொடர்பு ஆணையம் அதனைக் கைவிட்டது. அவ்வாண்டே அதைச் சட்டமாக்கப் பாராளுமன்றம் முனைந்தது. குடியரசுத் தலைவர் ரீகன் தமது தடுப்பதிகாரத்தால் அதை வீழ்த்தினார். மறு ஆண்டு, 1988 ஆகஸ்டு முதல் நாள், லிம்பாவின் குரல் நியூயார்க்கிலிருந்து நாடெங்கும் ஒலித்தது. தொடக்கத்திலே 50-க்குச் சற்று மேற்பட்ட நிலையங்கள். பின்னாளில் 600-க்கு மேல்!

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. இனிய இசை எஃப்.எம். அலைவரிசைக்குக் குடிபெயர, பழைய ஏ.எம். நிலையங்கள் ஈயாடிக் கொண்டிருந்தன. அவற்றுக்கு மலிவான சரக்கு தேவை. லிம்பாவின் நிகழ்ச்சியை ரொக்கம் தராமலே சிறு நிலையங்கள் பெறலாம். ஈடாக விளம்பர நேரத்திலே ஒரு பகுதியைத் தந்தால் போதும். உள்ளூர் அறிவிப்பாளருக்குச் சம்பளம் மிச்சம்! 1996-ஆம் ஆண்டுச் சட்டம், நாடு முழுதும் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பையும் நீக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒரே முதலாளி நிறுவனத்தின் பிடிக்குள் சென்றன. ஊருக்கொரு குரல் போய், ஊரெல்லாம் ஒரே குரல் வந்தது.

அந்தக் குரலின் கலை என்ன? நாள்தோறும் மூன்று மணி நேரம். எதிரே மாற்றுக் கருத்தினர் எவருமில்லை. விருந்தினர் வருவதும் அரிது. ஒருவர் பேச்சே நிகழ்ச்சி. இடையிடையே நையாண்டிப் பாட்டு. தம்மைத் தாமே வானளாவப் புகழ்ந்து கொள்ளும் வேடிக்கை. பகைவருக்குச் சூட்டும் பட்டப் பெயர்கள். தொலைபேசியிலே நேயர்கள் அழைப்பர்; யாரை உள்ளே விடுவது என முன்னரே சலித்தெடுக்க ஆள் உண்டு. மறுத்துப் பேசுவோர் அறவே வரவில்லை என நாம் கூறமாட்டோம், வந்தார்கள். ஆனால் ஒலிபெருக்கியின் திருகு யார் கையில்? மறுப்பாளர் பேச்சு எப்போது முடிவது, முடிந்தபின் எப்படி விமரிசிக்கப்படுவது என்பதையெல்லாம் தீர்மானித்தவர் லிம்பா ஒருவரே.

நகைச்சுவை அவருக்குக் கைவந்த கலை என்பதையும் ஒப்புகிறோம். குரலிலே ஏற்றமும் இறக்கமும் இருந்தன. நிறுத்தவேண்டிய இடத்திலே நிறுத்தத் தெரியும். காரோட்டிச் செல்பவனுக்கு, பக்கத்து இருக்கையிலே நண்பனொருவன் அமர்ந்து பேசுவது போலிருக்கும். பெருநகரத்துப் பத்திரிகைகள் தம்மை மதிப்பதில்லை என்று சிற்றூர் மக்களிடையே ஒரு மனக்குறை இருந்தது. அதிலே உண்மையும் இருந்தது. அந்த மனக்குறைக்கு அவர் நாவு தந்தார். ஆனால் அறிவு தந்தாரா? உங்கள் துன்பத்துக்குக் காரணம் இது, கணக்கு இது, மாற்று வழி இது என்றா பேசினார்? பெண்ணுரிமை பேசுவோர், சுற்றுச்சூழல் காப்போர், பேராசிரியர், பத்திரிகையாளர் என்று நாளொரு பகைவனைக் காட்டினார்.

அவரை அழைத்த நேயர்கள், முன்னவர் சொன்ன புகழுரையைத் திரும்பச் சொல்வானேன் என்று, "டிட்டோ" என்று சுருக்கிச் சொல்லத் தொடங்கினர். நாளடைவில் அதுவே கூட்டத்தின் பெயராயிற்று. டிட்டோக்காரர் என்று அவர்கள் தங்களையே பெருமையோடு அழைத்துக் கொண்டனர். சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! பிறர் நம்மை ஒத்து ஊதி என்று சொன்னால் சினம் வரவேண்டும். இங்கே அதுவே மார்பிலே குத்தும் பதக்கமாயிற்று!

ஏளனம் யார்மீது பாய்ந்தது? வலியோர்மீது பாய்ந்தால் அதற்கு அங்கதம் என்று பெயர். 1990-இல், எய்ட்ஸ் நோயால் மாண்டோர் பற்றிய செய்திகளுக்குப் பாட்டுப் போட்டு நகைத்தார். பின்னர் அதனைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தார். 2006-இல், நடுக்குவாத நோயாளியான நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தேர்தல் விளம்பரத்தில் தோன்றியபோது, அந்த நடுக்கத்தையே நடிப்பென ஐயுற்று, தாமும் உடலை ஆட்டிக் காட்டினார். 2012-இல், கருத்தடை மருந்துக்குக் காப்பீடு வேண்டும் என்று வாதிட்ட சட்டக்கல்லூரி மாணவி ஒருவரை, நாவு கூசும் சொற்களால் நாள்கணக்கிலே இழித்தார். விளம்பரக்காரர்கள் விலகத் தொடங்கியபின் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் எழுப்பிய வாதத்துக்குப் பதில் எங்கே?

சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள தொலைவையும் அளக்க வேண்டும். போதைப்பொருள் உட்கொள்வோரைப் பிடித்துத் தண்டித்துச் சிறைக்கு அனுப்பவேண்டும் என்று 1995-இல் முழங்கினார். 2003-இல், வலிநீக்கு மருந்துக்குத் தாமே அடிமையாகி விட்டதை ஒலிபரப்பிலேயே அறிவித்துச் சிகிச்சைக்குச் சென்றார். நோயுற்றவரை நாம் பழிக்கவில்லை. போதைக்கு அடிமையானவனுக்குச் சிறையைவிட மருத்துவமே தக்கது என்பது நம் கருத்து. 2006-இல் அவருக்குக் கிடைத்ததும் அதுதான்: சிகிச்சையைத் தொடர்ந்து, 30,000 டாலர் கட்டினால், வழக்குக் கைவிடப்படும் என்ற உடன்பாடு. ஏழைக் கறுப்பின இளைஞனுக்கு அந்தப் பரிவு கிட்டியதா என்று கேட்கிறோம். இன்னொன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். அரசு வழக்கறிஞர்கள் அவரது மருத்துவக் குறிப்புகளைக் கைப்பற்றியபோது, அது தனியுரிமையைப் பறிப்பது என்று நீதிமன்றத்திலே அவருக்காக வாதாடியது, பழமைவாதிகள் ஓயாது ஏசி வந்த அமெரிக்கக் குடியுரிமைச் சங்கத்தின் புளோரிடாக் கிளை! மாற்றானுக்கும் உரிமை உண்டு என்னும் பண்பு அது.

அவரது செல்வாக்கோ சிறிதன்று. 1994 தேர்தலிலே, 40 ஆண்டுகளுக்குப் பின் குடியரசுக் கட்சி கீழவையைக் கைப்பற்றியது. புதிய உறுப்பினர்கள் அவரைத் தங்கள் கௌரவ உறுப்பினராக்கிக் கொண்டாடினர். பொருளாதாரம் சரிந்த 2008-இல், 8 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். 2009-இல் பதவியேற்ற ஒபாமா தோல்வியடையவேண்டும் என்று வெளிப்படையாகவே விரும்பினார். 2020 பிப்ரவரியிலே, தமக்கு நுரையீரல் புற்று முற்றியுள்ளதை அறிவித்தார். மறுநாள் டிரம்பு, நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அவருக்கு அளிக்கச் செய்தார். அதே மாதத்திலேயே, கொரோனா வெறும் சளிக்காய்ச்சல் போன்றதே என்று நேயர்களுக்குச் சொன்னார் அவர். மருத்துவ அறிஞர் பேச்சைவிட அவர் பேச்சை நம்பிப் பழகிய செவிகள் எத்தனை! அந்த நம்பிக்கையின் விலையைக் கட்டவேண்டியவர் நம்பியவரேயன்றோ?

ஏடுகளும் தொலைக்காட்சியும் எதிர்த்தரப்பின் கையில். ஆகவே நானே மறுதரப்பு என்பது அவர் வாதம். பழைய நெறியை, 1960-களிலே ஆளுங்கட்சியினர் தமக்கு ஒவ்வாத வானொலிக் குரல்களை நெரிக்கவும் பயன்படுத்தியதுண்டு. அதனை மறைக்க மாட்டோம். எனவே சட்டம் ஒன்றே மருந்தென நாம் கூறவில்லை. ஆனால், வேறிடத்திலே மாற்றுக் குரல் இருக்கிறது என்பதால், என் மேடையிலே கேள்வி வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும்? உன்னையே நாள்தோறும் மூன்று மணி நேரம் கேட்பவனுக்கு அந்த மாற்றுக் குரல் எட்டுவது எப்போது?

சட்டம் செய்ய முடியாததைச் செவி செய்யலாம். எந்தப் பேச்சாளராயினும், நம் நெஞ்சுக்கு இனியவரே ஆயினும், மூன்று கேள்விகளால் உரைத்துப் பாருங்கள். மாற்றாரின் வாதத்தை, அவர்களே ஒப்பும் வகையில் எடுத்துரைக்கிறாரா? கேள்வி கேட்பவனை மதிக்கிறாரா, மடக்குகிறாரா? பிழை காட்டினால், விளம்பரக்காரர் விலகும்வரை காத்திராமல் திருத்திக் கொள்கிறாரா? கைதட்டல் எல்லா முகாமிலும் இனிக்கத்தான் செய்யும். ஒத்து ஊதுவோர் எல்லாக் கொடியின் கீழும் கிடைப்பர். இளைஞனே, நாளை ஒலிபெருக்கி உன் கைக்கு வரும்போது, "ஆமாம்" என்போரை எண்ணி மகிழாதே, "ஏன்?" என்று எழுந்து நிற்பவனுக்கு முதலிலே இடம் கொடு!