ஐஸ்கிரீம் கேள்வியும் வராந்தா கேள்வியும்

அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' 2014ல் வந்த புத்தகம். நான் படித்தது ரொம்பத் தாமதமாக, அப்பா போன பிறகு.

கவாண்டே பாஸ்டனில் சர்ஜன். குணமாகாத நோயாளியிடம் டாக்டர் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறார். உங்க நிலைமை உங்களுக்கு எவ்வளவு புரிஞ்சிருக்கு? எதுக்குப் பயப்படறீங்க? எது இருந்தா போதும்? எதைத் தாங்கிக்க மாட்டீங்க? இவ்வளவுதான்.

புத்தகத்தின் உச்சம் என்று நான் நினைப்பது சூசன் பிளாக் கதை. பாலியேட்டிவ் கேர் நிபுணரான அவரே, அப்பாவுக்குத் தண்டுவட ஆபரேஷன் என்றபோது இதைக் கேட்காமல் கிளம்பிவிடுகிறார். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வந்து கேட்கிறார். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, டிவியில் ஃபுட்பால் பார்க்க முடிந்தால் போதும் என்கிறார் அப்பா. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கசிவு. மறுபடி திறக்கலாமா என்று முடிவு செய்ய மூன்றே நிமிஷம். மகள் சர்ஜனிடம் கேட்டது அந்த இரண்டைத்தான். முடியும் என்றதும் சம்மதித்தார்.

எனக்குக் குறையாகப் படுவதும் இங்கேதான். இந்தக் கேள்விகள் வேலை செய்ய, நோயாளிக்குத் தன் நோய் தெரிந்திருக்க வேண்டும். கவாண்டேயின் சொந்த அப்பா கதையில் அப்பா யூராலஜிஸ்ட், அம்மா குழந்தை டாக்டர், மகன் சர்ஜன். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். மறைக்க அங்கே என்ன இருக்கிறது?

நம்ம ஊரில் டாக்டர் மகனை வராந்தாவுக்குக் கூப்பிடுவார். என்னையும் கூப்பிட்டார். "அப்பாகிட்ட சொல்ல வேண்டாம் டாக்டர்" என்றது நான்தான். வென்டிலேட்டர் வைக்கலாமா என்று கேட்டபோது "எல்லாம் பண்ணுங்க" என்றதும் நான்தான். கேட்கப்பட்டது என் விருப்பம். உள்ளே படுத்திருந்தவரின் விருப்பம் அல்ல.

சட்டம் தடையில்லை. முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை உச்ச நீதிமன்றம் 2018ல் ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற சிக்கலையும் 2023ல் நீக்கியது. இப்போது இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். ஆனால் நோயே சொல்லப்படாதவர் எதை எழுதுவார்?

அதனால் நம்ம டாக்டர்களுக்கு, கவாண்டேயின் கேள்விகளுக்கு முன்னால் இன்னும் இரண்டு வேண்டும். நோயாளியிடம்: "விவரமெல்லாம் உங்ககிட்ட சொல்லட்டுமா, பையன்கிட்ட பேசட்டுமா?" மகனிடம்: "உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கல. அப்பா இங்க நின்னா என்ன சொல்வார்?"

என்னை அப்படி யாராவது கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பா பத்தடி தூரத்தில், நினைவோடுதான் இருந்தார். உள்ளே போய்க் கேட்டிருக்கலாம்.