'மருந்து வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆள்

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். நண்பருக்குச் சிட்டா நகல் வேண்டும். துணைக்குப் போன எனக்கு வேலை ஒன்றும் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் இருக்கிற இ-சேவை மையத்தில், பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் எட்டுப் பேர். வருமானச் சான்றிதழுக்கு மூன்று பேர், சாதிச் சான்றிதழுக்கு இரண்டு பேர், பி.எம். கிசான் பணம் வரவில்லை என்று ஒருவர், இப்படி.

கடைசியாக நின்ற பெரியவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. தென்னை ஓலையில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓலையின் அடிப்பக்கம் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ ஒட்டியிருந்தது. மேல்பக்கம் அடுப்புக்கரி தடவிய மாதிரி கறுப்பு.

"இது என்ன நோவுன்னு அந்த மிசின்ல பாத்துச் சொல்லு கண்ணு."

"அதுக்கெல்லாம் இங்க ஆப்ஷன் இல்லீங்கய்யா."

"பொறவு எதுக்கு இத்தன மிசினு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓலையோடு எதிர்ச்சாரியில் இருந்த உரக்கடைக்கு நடந்தார். ஐம்பதடி இருக்கும். இந்த வாரம் நான் எழுதப்போவது அந்த ஐம்பதடியைப் பற்றித்தான்.

கம்ப்யூட்டர் கிராமத்துக்குள் வந்துவிட்டால் விவசாயி நிமிர்ந்துவிடுவார் என்கிற நம்பிக்கைக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. நம் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1998-ல் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அறிவு மையங்கள் திறந்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது தெரியுமா? அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து விவரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. காது இருந்தால் போதும்.

அடுத்து 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர். சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்று பெரிய பெரிய பெயர்கள். கம்பியில்லா இணைப்பு கொடுத்து, ஊருக்கு ஒரு கியோஸ்க். வெப் காமிராவில் கண்ணைப் படமெடுத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், பயிர் நோயைப் படமெடுத்து வேளாண் விஞ்ஞானிக்கு அனுப்பலாம். கேட்கவே ஜோராக இருந்தது. பத்திரிகைகளில் நாங்களும் பக்கம் பக்கமாக எழுதினோம். சில வருடங்களில், தனி நபர்கள் நடத்திய கியோஸ்க்குகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசுச் சேவைகளும் படுத்துவிட்டன. அதைப் பற்றி நாங்கள் அரைப் பக்கம்கூட எழுதவில்லை.

ஏன் மூடினார்கள்? நான் பி.காம். ஆசாமி. எனக்குத் தெரிந்தது வரவு செலவு மட்டும்தான். ஒரு கியோஸ்க் போட அன்றைக்குச் சுமார் 50 ஆயிரம் ரூபாய். போடுகிறவர் உள்ளூர் இளைஞர், பணம் பெரும்பாலும் கடன். வட்டி, கரண்ட், இணைப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 3 ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். ஒரு சந்தேகத்துக்கு 10 ரூபாய் வாங்கினால் மாதம் 300 சந்தேகம் வர வேண்டும். ஒரு சின்ன ஊரில் மாதம் 300 பேருக்கு வெண்டைச் செடியில் சந்தேகம் வருமா? வராது. ஆகவே அந்த இளைஞர் என்ன செய்வார்? பாஸ்போர்ட் போட்டோ எடுப்பார், ஜாதகம் பிரிண்ட் போடுவார், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுப்பார். தப்பே இல்லை, பிழைக்க வேண்டுமே! ஆனால் விவசாயி அந்தக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறார்.

இந்த மாதிரித் திட்டங்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். மையம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, கட்டணம் வாங்கு, கடையாக நடத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைக் கட்சி மாற வைத்தது ஒரு பூச்சி.

பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல், இந்தியாவிலேயே முதன்முதலாக, நம் கோயமுத்தூரில்தான் கண்டுபிடித்தார்கள். பப்பாளியில் ஆரம்பித்து மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று பரவியது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எங்கும் செடிகளில் மைதா மாவைக் கொட்டின மாதிரி. விவசாயிகள் அடித்தார்கள், அடித்தார்கள், மருந்துமேல் மருந்து அடித்தார்கள். பூச்சிக்கு உடம்பெல்லாம் மெழுகுக் கவசம். மருந்து உள்ளே இறங்கினால்தானே? பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் பாடு அதைவிட மோசம். மல்பெரியில் விஷத்தை அடித்துவிட்டு அந்த இலையைப் புழுவுக்குப் போட முடியுமா?

கடைசியில் தீர்வு வந்தது டப்பாவில் அல்ல. 2010-ல் புவர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு குட்டிக் குளவி வந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அத்தனை சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதையே தின்று வளரும் ஒட்டுண்ணி. பெங்களூரில் வளர்த்து, அந்த அக்டோபரில் லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழகத்தில் வெளியிட்டார்கள். தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. அதற்காக விவசாயி செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மருந்து அடிக்காமல் இருப்பது! அடித்தால் மாவுப்பூச்சி தப்பித்துக்கொள்ளும், குளவிதான் சாகும்.

இப்போது பெரியவரின் ஓலைக்கு வாருங்கள். அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் இந்தியாவில் முதலில் தலைகாட்டியது பொள்ளாச்சித் தோப்புகளில்தான். (புதுப் பூச்சிகளுக்கு நம் பக்கத்தின்மேல் அப்படி என்ன பிரியமோ!) இதற்கும் பல்கலைக்கழகம் சொல்வது அதே கதை. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், ஓலையில் படிந்த கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவு கரைத்துத் தெளியுங்கள், என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தானே வந்து பார்த்துக்கொள்ளும், விஷ மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

மைதா மாவு மளிகைக் கடையில் கிடைக்கும். தண்ணீர் கிணற்றில் இருக்கிறது. 'அடிக்காதீர்கள்' என்ற சொல்தான் எங்கேயும் விற்பனைக்கு இல்லை. அதில் யாருக்கும் கமிஷன் கிடையாது. கமிஷன் இல்லாத சரக்கை வைத்துக் கடை நடத்தச் சொன்னால் எப்படி நடக்கும்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

உரக்கடைக்காரரை நான் வில்லனாக்கவில்லை. அவரும் பாதி விவசாயிதான். காலையில் கடையைத் திறந்தால் ராத்திரி வரை இருப்பார். அறுவடை வரைக்கும் கடன் தருவார். எந்தத் தோட்டத்தில் என்ன பயிர், எந்த வீட்டில் எப்போது கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 2003-லேயே ஹைதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் இவர்களுக்கென்று ஒரு வருட டிப்ளமோ ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அவர் கல்லாவில் உட்கார்ந்துதானே வைத்தியம் சொல்ல வேண்டியிருக்கிறது? மாதக் கடைசியில் கம்பெனி ஆள் வந்து டார்கெட் கேட்பார். அந்த இடத்தில் நீங்களும் நானும் உட்கார்ந்தாலும் பாட்டிலை எடுத்துத்தான் நீட்டுவோம்.

புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர். அங்கேயும் அந்த அறிவு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் டி.வி.யில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. ஜனங்கள் மேட்டுக்கு ஓடி உயிர் பிழைத்தார்கள். அந்த அறிவிப்புக்குத் தலைக்கு எவ்வளவு கட்டணம் போடுவீர்கள்? அந்த ஒரு காலை நேரத்துக்காக, வரவே இல்லாத எத்தனையோ நாட்கள் அந்த மைக்கை யாரோ பராமரித்து வைத்திருந்தார்கள்.

'இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, மையம் எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2004 முதல் கிசான் கால் சென்டர் இருக்கிறது. 2018-ல் தமிழக அரசின் உழவன் செயலியும் வந்துவிட்டது. மானியமும் சந்தை விலையும் விரல் நுனியில். சரி, விலை தெரிந்துவிட்டால் போதுமா? 2010-ல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்தச் செய்தி எட்டாத காடு தோட்டம் கிடையாது. எட்டியதால்தான் ஆளாளுக்கு மஞ்சள் போட்டார்கள். 2012-ல் விலை 5 ஆயிரத்துக்கும் கீழே. தகவலுக்குப் பஞ்சமே இல்லை. 'எல்லாரும் போடறாங்க, நீங்க இந்த வருசம் வேண்டாமுங்க' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. யூடியூபைத் திறந்தாலும், தென்னைக்கு வைத்தியம் சொல்பவர் கடைசி நிமிடத்தில் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறாரா இல்லையா, பாருங்கள்.

ஆள் வைத்துச் செய்து பார்த்ததும் இதே கோவைதான். நீர்வள நிலவளத் திட்டத்தில் உலக வங்கிப் பணத்தில் வேளாண் பல்கலைக்கழகம் நடத்திய 'இ-வேளாண்மை'. வேளாண் பட்டதாரிகள் தோட்டத்துக்கே போனார்கள். இலையைத் திருப்பிப் பார்த்துப் படமெடுத்து, லேப்டாப் வழியாக விஞ்ஞானிக்கு அனுப்பி, பதிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விவசாயிகள் அதற்குச் சந்தாவும் கட்டினார்கள். விற்பதற்கு அவர்கள் பையில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஆனால் சந்தாவை வைத்து அவர்களுக்குச் சம்பளம் போட முடியாது. திட்டம் இருக்கிறவரை சம்பளம், அவ்வளவுதான்.

அந்த இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டர் பழுதானால் மாற்றுவதற்குப் பணம் வரும். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கவும் வரும். வாரத்தில் 2 நாள் ஒரு வேளாண் பட்டதாரி அங்கே வந்து உட்கார்ந்தால் என்ன? கிளம்புவதற்கு முன்னால் சங்கத்து ஊழியரிடம் கேட்டேன். (சங்கமும் உரம் விற்கிறது என்பது வேறு கதை.) அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"நல்லதுதானுங். ஆனா அவருக்குச் சம்பளத்த எந்த ஹெட்ல எழுதறதுங்?"

வணிகவியல் படித்த எனக்கும் பதில் தெரியவில்லை.

வெளியே வந்தபோது பெரியவர் உரக்கடைப் படியிறங்கிக்கொண்டிருந்தார். கையில் ஓலை இல்லை. ஒரு பை இருந்தது, கனமாக.