கழிவுப் பொருளும் கைத்திறனும்

வீட்டில் உபயோகம் தீர்ந்த பொருள்களைக் கொண்டு அலங்காரச் சாமான்களும் அன்பளிப்புகளும் செய்யும் பழக்கம் இப்போது ஒரு புண்ணிய காரியத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டபடியால், அதன் குணதோஷங்களை நிதானமாக எடைபோட முற்படுகிறவன் ரசனையற்றவன் என்றோ, சுற்றுப்புறத்தின் க்ஷேமத்தில் சிரத்தையற்றவன் என்றோ பெயர் வாங்க நேரிடலாம். வாங்கினாலும் பாதகமில்லை. புகழ்கிறவர்கள் எல்லோரும் செய்தவருடைய உழைப்பையும் நல்லெண்ணத்தையும் பார்க்கிறார்களே ஒழிய, செய்து முடித்த வஸ்துவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறவர்கள் சொற்பம்.

அப்படித் திருப்பிப் பார்க்கத் தகுந்தது, தமிழ்நாட்டு வீடுகளில் முன்பு சர்வசாதாரணமாக இருந்த காகிதக் கூடை. பழைய செய்தித்தாள்களையும் பிள்ளைகள் எழுதித் தீர்த்த நோட்டுகளையும் கிழித்துத் தண்ணீரில் போட்டு, நாற்றமெடுக்காதபடி தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு, நன்றாக நைந்தபின் ஒட்டப் பிழிந்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் மைய அரைத்து, கவிழ்த்து வைத்த பாத்திரத்தின்மேல் ஈரத்துணியைப் போர்த்தி, அடை தட்டுவதுபோல் ஒரே கனமாக அப்பிக் காயவைத்தால், பாத்திரத்தின் வடிவத்திலேயே ஒரு கூடை கழன்று வரும். வெந்தயத்தின் வழவழப்பே பசை. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைப்பதற்கும் இந்தக் கூழ்தான். கடையில் போய் வாங்கவேண்டியது ஏதுமில்லை. மிளகாய் வற்றலும் உளுந்தும் போட்டுவைக்க ஒரு பாத்திரம் லாபம். உடைந்து போனால் மண்ணோடு மண்ணாகிவிடும். அச்சு மையோடு அரைத்த கூழில் தின்பண்டத்தைத் திறந்தபடி வைப்பது உசிதமல்ல என்று இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது. அந்த நாளில் அதை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. காஷ்மீரத்தில் இதே காகிதக் கூழ் அரிசிக் கஞ்சியோடு சேர்ந்து, உருவம் சமைக்கிறவர் ஒருவர், சித்திரம் தீட்டுகிறவர் வேறொருவர் என்று இரண்டு தொழில்களாகப் பிரிந்து, ராஜசபைகளுக்கு ஏற்ற கலையாக வளர்ந்தது. அங்கே வர்ணம் காகிதத்தை முழுக்க மறைக்கிறது என்பது மெய்யே. ஆயினும் அந்தப் பெட்டியைத் தூக்கியவுடன் கை உணரும் இலேசு காகிதம் தந்த இலேசு.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைப்பதாக எனக்குப் படுகிறது. பழைய பொருளின் ஏதாவதொரு குணம் புதிய வஸ்துவில் வேலை செய்யுமானால் அந்தக் கைவேலை நியாயமானது; குணம் முழுவதும் ஒடுங்கிப்போய், பழைய பொருள் வெறும் சுமைதாங்கியாக நிற்குமானால், அது கழிவின் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டி வைக்கிற காரியம்தான்.

தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் புட்டியாக இருக்கும்வரை அதைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். அது துண்டாகி, உருகி, இழையாக மாற வழியுண்டு. அதைப் பாதியாக வெட்டி, எனாமல் பெயிண்ட் அடித்து, தெர்மக்கோலில் சிறகு ஒட்டி, மினுமினுப்புத் தூள் தூவி ஒரு பென்குவின் பறவையாக்கிவிட்டால், பிற்பாடு அதைத் தொடுவார் இல்லை. மினுமினுப்புத் தூளே பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கழிவைக் குறைக்கப் புறப்பட்டவர் கழிவைக் கூட்டினார் என்றுதான் கணக்கு முடிகிறது. பள்ளிக்கூடங்களில் இந்த விபரீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கழிவிலிருந்து கலை செய்துவரச் சொன்னதும், வீட்டில் அத்தனை கழிவு சேரவில்லையே என்று பெற்றோர் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடி, யாரும் ஐஸ் தின்னாத ஐஸ் குச்சிகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து தாங்களே வீடு கட்டி முடிக்கிறார்கள். மதிப்பெண் பிள்ளைக்கு!

ஆனால் பிள்ளைகளுக்கு இந்த வித்தை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் குப்தா, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபின் துண்டுகளில் செருகி முக்கோணமும் சதுரமும் செய்யக் கற்றுக்கொடுத்தாரே, அங்கே டியூபின் வளைந்துகொடுக்கும் தன்மைதான் ஆசான்: சதுரம் அசைந்து சாய்கிறது, முக்கோணம் அசைவதில்லை என்பதைக் குழந்தையின் விரல்கள் தாமாகவே அறிந்துகொள்கின்றன. சண்டிகரில் சாலை ஆய்வாளராக உத்தியோகம் பார்த்த நேக் சந்த், இடிந்த வீடுகளின் சிதிலங்களையும் உடைந்த பீங்கானையும் வளையல்களையும் பல வருஷங்கள் ரகசியமாகச் சேர்த்து உருவாக்கியதும், 1976-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதுமான பாறைத் தோட்டத்திலும், வளையல் துண்டு வளையல் துண்டாகவே தெரிகிறது. அது தன் பூர்வீகத்தை ஒளித்துக்கொள்ளவில்லை. பதுமைக்கு உடையாக அமைந்த பின்னும் கண்ணாடிக்குரிய பளபளப்போடுதான் இருக்கிறது.

அன்பளிப்பு என்று வரும்போது விவகாரம் கொஞ்சம் சிக்கலாகிறது. கடையில் வாங்கின பரிசு பிடிக்காவிட்டால் வேறொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கைமாற்றிவிடலாம். சிநேகிதி தன் கையால் செய்த முட்டையோட்டுப் பொம்மையை அப்படிச் செய்ய மனம் இடந்தராது. அடுத்த முறை அவர் வரும்போது கண்ணில் படவேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணாடி அலமாரியில் அது தூசி படிந்துகொண்டிருக்கும். கொடுத்தவருக்கு ஆத்ம திருப்தி, பெற்றவருக்குப் பராமரிப்பு என்ற இந்த ஏற்பாட்டை அன்பின் பெயரால் ஆட்சேபிக்காமல் இருப்பது நம்முடைய தாட்சண்யம்.

பழையதே மேலானது என்று பெற்றவர் மனமார ஒப்புக்கொள்ளும் அன்பளிப்பும் உண்டு. பிறந்த சிசுவுக்குக் கஞ்சி மொடமொடப்புள்ள புதுத்துணி ஆகாது. பலமுறை துவைத்து நைந்த பாட்டியின் நூல் புடவையே விரிப்பும் தூளியும் ஆகிறது. அந்த மென்மை எந்த ஜவுளிக் கடையிலும் கிடைப்பதில்லை. வங்காளத்துப் பெண்கள் இந்த நைந்த புடவைகளையே அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்னும் மெத்தைவிரிப்பை உண்டாக்கினார்கள். இன்று சந்தைக்கு வரும் காந்தாக்களில் மிகுதியானவை புதுப் பருத்தியிலும் புதுப் பட்டிலும் தைக்கப்படுகின்றன. தையலின் நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. பல பெண்களுக்கு அது ஜீவனோபாயம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் துணியின் மென்மையை மட்டும், வாங்கினவர் நாலைந்து வருஷம் துவைத்துத் தாமேதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.