வழி கூறும் கடன்

நூல் ஒன்றின் முகப்பில் கூற வேண்டுவன எவை என்பதை வரையறுத்த நன்னூலார், எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணமாக வைத்தார். ஆக்கியோன் பெயருக்கு அடுத்து அவர் நிறுத்தியது ‘வழி’ என்னும் செய்தி. இந்நூல் எந்நூலின் வழி வந்தது, யாருக்குக் கடன்பட்டது என்பதை, நூலுக்குள் புகுமுன்பே கற்போன் அறிந்துகொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படும். நூலின் பெயரும், நுதலிய பொருளும், பயனும் இதற்குப் பின்னரே வருகின்றன. ஆய்வுக் கட்டுரையில் அடிக்குறிப்பு இடுவதும் துணைநூற் பட்டியல் தருவதும் மேனாட்டார் கற்பித்த புதுவழக்கு என்று எண்ணுவோர், இவ்வரிசையைச் சற்றே உற்று நோக்குதல் நன்று.

நன்னூலார் இத்துடன் நின்றாரல்லர். பிறர் கருத்தோடு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல் என்றவாறு நூலாசிரியன் மேற்கொள்ளும் மதங்களை ஏழாக வகுத்தார். பிறர் கருத்து இது, தன் கருத்து இது என்று பிரித்துக் காட்டும் நேர்மை இல்லாதவிடத்து இவ்வேழனுள் பெரும்பாலனவற்றுக்கு இடமே இல்லை. ஆகவே, மேற்கோளின் அறம் தமிழுக்குப் புதிதன்று. அவ்வறத்தைக் கைக்கொண்ட முறையே காலத்துக்குக் காலம் வேறுபட்டது.

நம் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய முறையை நடுநிலையோடு ஆராய வேண்டும். செய்யுள் ஒன்றை எடுத்துக்காட்டிவிட்டு, ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் கூறி அப்பால் செல்வது அவர்களிடம் பெருவழக்கு. பாடியவர் யார், எந்நூல், எத்தனையாவது பாட்டு என்னும் குறிப்புகளை அங்குப் பெரும்பாலும் காண இயலாது. இதனைக் கொண்டு அவர்கள் பிறர் பொருளைக் கவர்ந்தனர் என்று கூறுவது பேதைமை. அவர்கள் எழுதியது ஏடுகளின் காலம். கல்வி நெஞ்சில் குடிகொண்டிருந்த காலம். ஓரடியைச் சொன்ன அளவில் முழுப் பாட்டையும் நினைவுகூரும் மாணாக்கனை எதிரே வைத்துக்கொண்டே அவர்கள் உரை விரித்தனர். அவனுடைய நினைவே அவர்களுக்கு அடிக்குறிப்பு.

ஆயினும், நினைவு அற்றுப்போன காலத்தில் அம்முறை என்ன விலை கேட்டது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வே சான்று. 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பின்னர், ஐயர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் தம் உரையில் காட்டிய மேற்கோள்கள் பல, எந்நூலைச் சேர்ந்தன என்று விளங்காமல் அவரைத் திகைக்க வைத்தன. அவர் அதுவரை கற்றிருந்த நூல்கள் எவற்றிலும் அவை அகப்படவில்லை. திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பழந்தொகை நூல்களைக் கண்டு பயின்றபோதுதான், புதிராக நின்ற மேற்கோள்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் தாய்வீடு சேர்ந்தன. ஒருவர் கூறாது விட்ட ‘வழி’யைத் தேடி, பிற்காலத்து மற்றொருவர் ஊர் ஊராக அலைய நேர்ந்தது. சிந்தாமணிப் பதிப்பு 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன.

அத்தேடலில் பட்ட துன்பத்தைத் தம் நூல்களைக் கற்போர் படலாகாது என்று ஐயர் கருதினார் போலும். தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் எவை, அவற்றை உதவியவர் யாவர் என்பதை முகவுரையில் முறையாகப் பதிவு செய்தார். பாடவேறுபாடு குறித்தார், ஒப்புமைப் பகுதிகளுக்கு இடம் சுட்டினார், மேற்கோள்களை அகராதிப்படுத்தினார். செய்ந்நன்றியும் ஆராய்ச்சி நெறியும் அம்முகவுரைகளில் ஒன்றாகவே நிற்கின்றன.

வழி கூறியதனால் விளைந்த நன்மைக்கும் நம் இலக்கியத்தில் சான்று உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், இசை நாடகப் பகுதிகளுக்குத் தாம் துணையாகக் கொண்ட நூல்களைப் பெயர் சுட்டியே கூறினார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் அவ்வைந்தும் பிற்காலத்தார்க்கு நெடுநாள் வெறும் பெயர்களாகவே இருந்தன. 1970-களின் முற்பாதியில் பஞ்சமரபு என்னும் பெயரோடு சுவடியொன்று அச்சேறியபோது, அதன் அருமையைத் தமிழுலகம் உணர்வதற்கு உரையாசிரியர் விட்டுச் சென்ற அப்பெயரே துணை நின்றது. அவர் ‘இசைநூலார் கூறுப’ என்ற அளவில் நிறுத்தியிருப்பின், அச்சுவடி பெயரறியாப் பிள்ளையாகவே நம்மிடம் வந்திருக்கும்.

புறத்திரட்டு என்னும் தொகைநூலும் இத்தகையதே. அதனைத் தொகுத்தவர் இன்னார் என்பது தெரியவில்லை. ஆயினும், தாம் எடுத்த செய்யுட்கள் எந்நூலின என்று அவர் குறித்து வைத்தார். மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரத்தில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள் இன்று நமக்குக் கிடைப்பது அவர் தந்த கொடை. தம் பெயரைக் கூறாத ஒருவர், பிறர் நூலின் பெயரை மறவாது கூறியதனால் ஓர் இலக்கியம் பிழைத்தது. மறுதலையாக, யாப்பருங்கல விருத்தியுரையில் எடுத்துக்காட்டாக வரும் செய்யுட்களுள் பல, இன்னும் தம் நூற்பெயர் அறியப்படாமலே நிற்கின்றன.

இனி, இற்றை நாள் கட்டுரைகளை நோக்குவோம். உரையாசிரியர்களின் நினைவாற்றல் நம்மிடம் இல்லை. அவர்களுடைய சுருக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டோம். ‘சங்கப் புலவர் பாடினார்’, ‘அறிஞர் ஒருவர் கருதுவார்’, ‘ஆய்வாளர் கூற்று’ என்னும் தொடர்கள் மேடைப் பேச்சுக்குப் பொருந்தலாம். அச்சேறும் ஆய்வுக்குப் பொருந்தா. எண் குறிப்போரும், எந்தப் பதிப்பு என்று குறிப்பதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாக்களாகவும் சேனாவரையர் 463 நூற்பாக்களாகவும் கொண்டனர். உரையின் பெயரின்றி நூற்பா எண்ணை மட்டும் தருவது, தெருவின் பெயரின்றி வீட்டு எண்ணை மட்டும் தருவதை ஒக்கும். திருக்குறளிலும் அதிகாரத்துள் குறள்களின் வைப்புமுறை பரிமேலழகர்க்கும் மணக்குடவர்க்கும் வேறுபடுதல் உண்டு.

ஆண்டைக் குறிப்பதிலும் விழிப்பு வேண்டும். பழம்பதிப்புகள் பலவற்றின் முகப்பில் பிரபவாதி ஆண்டின் பெயர் காணப்படும். சர்வசித்து என்னும் ஆண்டு 1887-இலும் வந்தது, 1947-இலும் வந்தது, 2007-இலும் வந்தது. பெயரை மட்டும் கண்டு ஆண்டைத் துணிவோர் அறுபது ஆண்டுகளை ஒரு நொடியில் விழுங்கிவிடுவர். திருவள்ளுவர் ஆண்டில் 31-ஐக் கழிக்க மறந்து, வருங்காலத்து நூலை இன்றே மேற்கோள் காட்டிய விந்தைக் கட்டுரையும் என் கண்ணில் பட்டதுண்டு.

இவற்றினும் பெருங்குற்றம் ஒன்றுண்டு. மூலநூலைத் தாம் காணாமல், வேறொருவர் கட்டுரையில் கண்ட மேற்கோளை எடுத்தாண்டு, மூலத்தையே கண்டதுபோல் அடிக்குறிப்பு இடுவது அது. முதலில் எடுத்தவர் ஒரு சீரைப் பிழைபட எழுதியிருப்பின், அப்பிழை அடுத்த கட்டுரையில் தங்கி, அதற்கடுத்ததில் பாடவேறுபாடு என்னும் பெருமையையும் பெற்றுவிடும். ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று இரு சொற்களைச் சேர்ப்பதனால் எவர் புலமையும் குறைந்துவிடாது. படியாத நூல்களைப் பட்டியலில் அடுக்குவதோ, இரவல் நகையணிந்து மணவீட்டுக்குச் செல்வதை ஒக்கும். நகைக்கு உரியவர் அங்கு வாராதவரையே அதற்கு மதிப்பு.

மேற்கோள் முறைக்கெனச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1906-இல் கைநூல் வெளியிட்டனர். அமெரிக்க உளவியலார் 1929-இலும், அந்நாட்டு மொழியியல் இலக்கியக் கழகத்தார் 1951-இலும் தத்தம் நெறிகளை வகுத்தனர். காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று அவர்கள் தம்முள் மாறுபடுவர். ஆனால் யார், எது, எங்கே, எப்போது என்னும் நான்கு வினாக்களில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. நம் மாணவர்களோ புள்ளிகளைக் கற்றுக்கொண்டு வினாக்களை விட்டுவிடுகின்றனர். அந்நெறிகளை அவ்வாறே பெயர்த்து நடுவதும் நமக்கு நிறைவு தாராது. சங்கப் பாட்டுக்கு எண்ணும் பாடியவர் பெயரும், காப்பியத்துக்குக் காதையும் அடியும், இலக்கணத்துக்கு உரையின் பெயரும், இவையனைத்துக்கும் பதிப்பாசிரியரும் ஆண்டும் வேண்டும். பொருள்தோறும் இலக்கிய இடத்தைச் சுட்டிச் செல்லும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை வெளிவந்த தன் ஆறு தொகுதிகளில் இதற்குரிய பாதையை வகுத்துத் தந்துள்ளது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இச்செய்தி இன்னும் நெருங்கியது. ஐயம் தோன்றிய அன்றே மூத்த புலவர் ஒருவரை அணுகிக் கேட்கும் வாய்ப்பு தில்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழர் அனைவர்க்கும் வாய்ப்பதில்லை. வையாபுரிப் பிள்ளை தொகுத்த அரிய நூல்களும் சுவடிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அங்குச் சென்று நூலைக் கேட்பவனுக்கு, கட்டுரையாளர் தரும் சரியான குறிப்பு ஒன்றே திறவுகோல். பிழைபட்ட குறிப்பு அவனை ஒரு பகல் முழுதும் அலைக்கழித்து வெறுங்கையோடு திருப்பி அனுப்பும். இன்றோ கணிப்பொறி துணைநூற் பட்டியலை நொடியில் ஒழுங்குபடுத்தித் தருகிறது. எவரும் எழுதாத நூல்களையும் ஆண்டோடும் பக்கத்தோடும் எழுதித் தருவதுண்டு. வடிவம் குறையற்று, வழி முற்றும் பொய்யாக இருத்தல் கூடும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

கட்டுரையை முடித்த பின்னர், அச்சுக்கு அனுப்புமுன், ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலைத் திறந்து ஒருமுறை ஒப்புநோக்குதல் எளிய பணி. அதனைப் பாராட்டுவார் எவரும் இலர். ஆயினும், நாம் அறியாத ஓர் ஊரில், நாம் மறைந்த பின்னர், நம் கட்டுரையைக் கையில் ஏந்தி மூலத்தைத் தேடிச் செல்லும் ஒருவனுக்கு நாம் செலுத்தும் கடன் அது. நன்னூலார் ஆக்கியோன் பெயருக்கு அடுத்தே ‘வழி’யை வைத்ததன் பொருளும் இதுவே என்க.